ஒரு மதியமும் 63 வருடங்களும்

கேள்வி இதுதான்: “அம்மாவுக்கு 63 வயது. பெரிதாக நோய் என்று எதுவும் இல்லை. காலையில் போனில் பேசினார், மதியம் இல்லை. ஏழு வாரம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். உட்கார்ந்தால் அந்த மதியம் மட்டும்தான் வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் இருந்த அம்மா வரவே மாட்டேன் என்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒரு அம்மாள், யாரென்றே எங்களுக்குத் தெரியாது, அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அம்மாவைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. குரலும் மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது. அவர் வாழ்க்கையை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?”

வயதானவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் கதையை எழுதிக் குடும்பத்துக்குக் கொடுப்பது பல வருடமாக நான் செய்துவரும் வேலை. என் அம்மாவும் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். 11 வருடம் ஆகிறது. யார் யாருடைய அம்மாவைப் பற்றியோ பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, சொந்த அம்மாவைப் பற்றி ஒரு பத்தி எழுத எட்டு மாதம் பிடித்தது. ஏழு வாரத்தில் உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எழுத்து காத்திருக்கும். போன் காத்திருக்காது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் போனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக்காதீர்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால் பிறந்த தேதி, கல்யாண நாள் என்று ஊகித்து அடித்துப் பார்க்க வேண்டாம். தப்பாக அடிக்க அடிக்கப் பூட்டு இறுகும், சில போன்களில் மொத்தமும் அழிந்துபோகும்படிகூட அமைத்திருப்பார்கள். எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள். பணம் கட்டாமல் விட்ட எண் கொஞ்ச காலத்தில் வேறு யாருக்காவது போய்விடும். ஒரு நாள் மனசு தாங்காமல் அந்த எண்ணுக்கு அடிப்பீர்கள், யாரோ எடுத்து “யாருங்க?” என்பார். எனக்கு நடந்தது.

வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. மின்னஞ்சல், படங்கள் எல்லாம் அதோடு போகும். ஆப்பிள் போன் என்றால், தனக்குப் பின் கணக்கைத் திறக்க ஒருவரைக் குறித்துவைக்கும் வசதி 2021 கடைசியிலிருந்து உண்டு. பெரும்பாலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மாற்றிய பிறகு யாரும் அதற்குள் நுழைய முடியாது, அதனால் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் உங்கள் போன். அம்மா உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சேமித்து இரண்டு வேறு வேறு இடங்களில் வையுங்கள். நான் பார்த்தவரை, குரல்கள் தொலைவது புதுப் போனுக்கு மாறும் நாளில்தான். உடன்பிறந்தவர்களிடமும் சித்தி, மாமாக்களிடமும் கேளுங்கள். வீடியோக்களில் அம்மா தெரிகிறாரா என்று தேடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மா எடுத்த வீடியோக்களைத் தேடுங்கள். பேரக்குழந்தை தவழ்வதையோ பள்ளியில் யாரோ பரிசு வாங்குவதையோ எடுத்திருப்பார். படத்தில் அவர் இருக்க மாட்டார். ஆனால் மைக்குக்கு மிக அருகில் இருந்த ஆள் அவர்தான். “இங்க பாரு, இங்க பாரு” என்று கூப்பிடுவதும், மூச்சு விடுவதும், தனக்குள் சிரித்துக்கொள்வதும் அதில் பதிந்திருக்கும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு குரல் செய்தி, 14 விநாடி. அதில் முதல் ஆறு விநாடி, “பேசலாமா? ஆன் ஆயிடுச்சா இது?” என்று பக்கத்தில் இருக்கும் யாரையோ கேட்கிறாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாவி ஜன்னல்ல வச்சிருக்கேன், நான் வர நேரமாகும்” என்கிறாள். அவ்வளவுதான். எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருப்பாள், மிஞ்சியது சாவி. முதல் சில மாதம் அதைப் போட்டுக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது. நீங்களும் இப்போதே கேட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பத்திரப்படுத்துவது வேறு வேலை, கேட்பது வேறு வேலை.

குரல் என்றதும் லண்டன் சுரங்க ரயிலின் எம்பேங்க்மென்ட் நிலையம் ஞாபகம் வருகிறது. ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு அங்கே பல வருடம் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் குரலில் ஒலித்தது. அவர் 2007இல் இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய மனைவி அந்த நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து, கணவர் குரலைக் கேட்டுவிட்டு வருவார். 2012 கடைசியில் ஒலி அமைப்பை மாற்றினார்கள், குரல் நின்றுபோனது. அவர் போய் விசாரித்தார். நிர்வாகம் பழைய பதிவைத் தேடி எடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்தது. 2013இல் அந்த நிலையத்தில் அதே குரலைத் திரும்ப ஒலிக்கவும் வைத்தது. ஆங்கிலத்தில் மூன்றே சொல் அந்த அறிவிப்பு. சாவியைப் பற்றிய என் 14 விநாடி அதைவிட நீளம் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்த மதியத்துக்கு வருவோம். படுத்து, மெல்ல மெல்லப் போகிறவர்களின் வீட்டில் விடைபெறவாவது நாள் கிடைக்கிறது. திடீரென்று போனால் அதுவும் இல்லை. அதனால் மனசு அந்தச் சில மணி நேரத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது, இந்த முறையாவது வேறு மாதிரி முடியாதா என்று தேடுவதுபோல. அதிர்ச்சியோடு பதியும் இந்த மாதிரி நினைவுகளை ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்துக்கு ஒப்பிட்டார்கள் உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும், 1977இல். யார் சொன்னது, எங்கே நின்றுகொண்டிருந்தோம், கையில் என்ன இருந்தது என்பதுவரை பளிச்சென்று நிற்கும். பளிச்சென்று நிற்பதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தி எப்படித் தெரியவந்தது என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. தயக்கமே இல்லாமல் சொன்னவர்களும் அதில் உண்டு. அவர்களுடைய சொந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அதனால் நான் சொல்வது: அந்த மதியத்தை ஒரே ஒரு முறை, முழுதாக, தனியாக எழுதிவிடுங்கள். மணி என்ன, யார் கூப்பிட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள், செருப்பு போட்டுக்கொண்டு போனீர்களா என்பதுவரை. அழகாக எழுத வேண்டாம். எழுதி ஓர் உறையில் போட்டு மூடி வைத்துவிடுங்கள். அம்மாவைப் பற்றிய எழுத்தில் அதைச் சேர்க்காதீர்கள், இப்போதைக்காவது. தாளில் இறக்கி வைத்த பிறகு, இரவு பகலாக மனசு அதற்குக் காவல் இருக்க வேண்டிய அவசியம் கொஞ்சம் குறைந்தது. என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் எழுதிய அன்று இன்னும் மோசமாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மனத்தை அழுத்துவதை எழுதிப் பார்ப்பதைப் பற்றி உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 15 நிமிடம் என்று நான்கு நாள் எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை சரிந்துதான் இருந்தது. பலன் தெரிந்ததே மாதக்கணக்கில் கழித்துத்தான். அதனால் ராத்திரி தனியாக இருக்கும்போது இந்த வேலையை எடுக்காதீர்கள். பக்கத்து அறையில் யாராவது இருக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றும் அந்த மதியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் பேசும்போதே குரல் ஒரு மாதிரி இருந்ததே, கவனித்திருக்க வேண்டாமா என்ற குடைச்சல். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் புறப்படும் முன், என்னென்ன நடக்கக்கூடும் என்று உளவியல் ஆய்வாளர்கள் பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்தபின், முன்பு என்ன கணித்தீர்கள் என்று அதே ஆட்களிடம் கேட்டார்கள். நடந்துவிட்டவற்றை, உண்மையில் சொன்னதைவிட உறுதியாகச் சொன்னதாகவே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்துவிட்டால், தெரியாமல் இருந்த நிலைக்கு மனசால் திரும்பப் போக முடிவதில்லை. அன்று காலை நீங்கள் கேட்டது கொஞ்சம் களைத்த ஓர் அம்மாவின் குரல். அதே களைப்போடு அவர் அதற்கு முன் நூறு முறை பேசியிருப்பார், நூறு முறையும் மறுநாள் சரியாகியிருப்பார்.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் உண்டு என்று இதற்குள் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிவிட்டு. அவர்களுக்குத் தைத்த சட்டையைப் பிறகு எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். உங்களுக்குச் சேரவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்கூட்டும் 1999இல் சொன்னது எனக்கு இதைவிட உதவியாக இருந்தது: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலைகளின் பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறார், அந்தப் போக்குவரத்துதான் இயல்பு. காலையில் அழுதுவிட்டு, பதினோரு மணிக்குத் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்காகச் சண்டை போட்டு, சாயங்காலம் ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கூசுவோம். கூச வேண்டியதில்லை.

மறப்பதுதான் தேறுவது என்ற எண்ணம் பரவியதில், மனப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்டுக்குப் பங்குண்டு. இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர் அவர். 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளுவென்சாவில் திடீரென்று இறந்தார், 26 வயதில். 1929 ஏப்ரலில், சோஃபி இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் அதே ஃபிராய்ட் வேறு மாதிரி பேசுகிறார். அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும், விட மனமில்லாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்கிற பொருளில். 1996இல் ஆய்வாளர்கள் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும், இறந்தவரோடு உறவு தொடர்வது கோளாறு ஒன்றும் இல்லை என்று விரிவாகவே எழுதினார்கள். அம்மாவோடு மனசுக்குள் பேசுகிறீர்கள் என்றால் பேசுங்கள்.

இனி அவர் வாழ்க்கை. இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான்.

உங்களுக்கு 35 வயது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிறந்தபோது அம்மாவுக்கு 28. அந்த 28 வருடத்தில் நீங்கள் கிடையாது. அடுத்த நாலைந்து வருடம் உங்களுக்கு நினைவில்லை. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வருடம், கண்ணாடியில் உங்களையே பார்த்துக்கொண்டிருந்த பருவம். அம்மாவைத் தனியாக ஒரு மனுஷியாக நிமிர்ந்து பார்த்த வருடங்கள் என்று கணக்குப் போட்டால் சொற்பம்தான் தேறும். குறையாகச் சொல்லவில்லை, எல்லாப் பிள்ளைகளின் கணக்கும் இதுதான். நினைவுகூர்வது என்றால் நம் தலைக்குள் தேடுவது என்று நினைக்கிறோம். அங்கே இருப்பது கொஞ்சம். மீதி மற்றவர்களிடம் சிதறிக் கிடக்கிறது, அவர்களும் வயதானவர்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த்தின் தாய் 1977 அக்டோபரில் இறந்தார். மறுநாளிலிருந்தே பார்த் துண்டுத் தாள்களில் குறிப்பு எழுத ஆரம்பித்தார். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து அம்மாவின் பழைய படங்களைப் புரட்டினார். படத்துக்குப் படம் முகம் இருந்தது, அம்மா இல்லை. கடைசியில் அவர் கண்டுபிடித்தது 1898இல் எடுத்த, ஓரம் மழுங்கிய ஒரு சின்னப் படத்தில். கண்ணாடிக் கூரை போட்ட செடிவீட்டில் அண்ணனோடு நிற்கும் ஐந்து வயதுச் சிறுமி. பார்த் பிறப்பதற்கு 17 வருடம் முந்தைய படம் அது. தான் பார்த்தே இராத வயதில்தான் அவருக்கு அம்மா கிடைத்தார். அதைப் பற்றிப் பக்கக்கணக்கில் எழுதியவர் படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படம், அவ்வளவுதானே.

எனவே அம்மாவின் அக்கா தங்கை, பள்ளித் தோழிகள், கூட வேலை பார்த்தவர்கள், பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று போய்ப் பாருங்கள். நடு வயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுவரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக வரும். இது பலமுறை ஆராய்ந்து பார்த்த விஷயம். உங்களுக்குச் சாதகமும்கூட. உங்களுக்கு விடுபட்ட அந்த 28 வருடம்தான் அவர்களுக்கு அத்துப்படி.

கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. “அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “தங்கமான மனுஷி” என்று வரும், அதோடு முடிந்தது. கையில் ஒரு படத்தையோ பொருளையோ எடுத்துக்கொண்டு போங்கள். “இந்தப் படத்துல அம்மா யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?” “பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா நடப்பீங்க, வழியில என்ன பேசுவீங்க?” “அவங்களுக்கு எதுக்குக் கோபம் வரும்?” பேச்சு நின்றுவிட்டால் நீங்கள் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். பத்து விநாடி பேசாமல் இருந்தால் பெரும்பாலும் அவர்களே தொடங்குவார்கள், நல்ல கதைகள் அப்போதுதான் வரும். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரே சம்பவத்தைப் பெரியம்மா ஒரு மாதிரியும் மாமா வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை.

என் அம்மா விசில் அடிப்பாள் என்பது அவள் போய் நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அவளோடு படித்த ஓர் அம்மாள், 70 வயது இருக்கும், ஒரு குரூப் போட்டோவைப் பார்த்துவிட்டு, “உங்கம்மா விசில் அடிச்சா மூணு தெரு கேக்குமே” என்றார். நான் ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். என் அம்மா வாய்விட்டுச் சிரிக்கக்கூட மாட்டாள், வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அவர் விடவில்லை. இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் எப்படி வைப்பாள் என்று செய்தே காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தரம் கேட்டாராம், “அதெல்லாம் இப்ப வராதுடி” என்றாளாம். வீட்டுக்கு வந்து நான் அழுதது, அந்தச் செவ்வாய்க்கிழமை அழுததைவிட அதிகம். ஆனால் அது வேறு அழுகை. முதல்முறையாக எனக்கு ஒரு புது அம்மா கிடைத்திருந்தாள், கிடைத்ததும் அவளுக்காகவும் அழ வேண்டியிருந்தது.

பொருள்கள். அலமாரியைக் காலி செய்ய உதவுகிறேன் என்று நல்லெண்ணத்தோடு யாராவது வருவார்கள். விடாதீர்கள். முதலில் எது எங்கே இருந்ததோ அப்படியே படம் எடுங்கள்: மேஜை, தலையணைப் பக்கம், கைப்பையின் உள்ளே. என் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கண்ணாடியோடு ஓர் ஊக்கு, கறுப்பு நூல் சுற்றிய தீக்குச்சி, எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தன. தாளில் வரிசையாகத் தேதிகள். பல நாள் யோசித்துப் பார்த்தபின்தான் விளங்கியது, நான் வீட்டுக்கு வந்துபோன தேதிகள். கண்ணாடியின் இடது கால் உடைந்து அதே கறுப்பு நூலால் கட்டியிருந்தது. மாற்றித் தருகிறேன் என்று நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அலமாரியைச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு அந்தக் கூடு குப்பையாகத்தான் தெரிந்திருக்கும்.

கையெழுத்து இருக்கும் எதையும் எறியாதீர்கள், கணக்கு எழுதிய நோட்டாக இருந்தாலும். படங்களுக்குப் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலால் பெயரும் ஏறத்தாழ வருடமும் போதும். பழைய ஒட்டும்பக்க ஆல்பங்களில் பசை காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். அதற்காகப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். ஒட்டியபடியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அப்புறம் முயலுங்கள். சின்னப் படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். பின்னணியில் சுவரில் தொங்குவது, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பவர் என்று முகத்தைவிட அதிகம் பேசும் விஷயங்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

எழுதுவதற்கு என்னிடம் இருப்பது ஒரே சல்லடை. எழுதிய வரி வேறு யாருடைய அம்மாவுக்கும் பொருந்துமானால் அடித்துவிடுங்கள். அன்பானவர், பொறுமைசாலி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்பதெல்லாம் அதில் போய்விடும். பயப்பட வேண்டாம், மிஞ்சுவதில்தான் அவர் இருப்பார். என் அம்மா கோபம் வந்தால் பேச மாட்டாள், தையல் மிஷினை வேகமாக மிதிப்பாள். அடுத்த அறையில் இருந்தே அவள் கோபம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். “அம்மா கோபத்தை அடக்கிக்கொள்வாள்” என்று எழுதியிருந்தால் அது யாரோ ஒருத்தி. குறைகளையும் எழுதுங்கள். ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பரிந்துபேசுவார், பழைய சண்டையை மறக்க மாட்டார், பொய்யாகத் தலைவலி என்பார். குறையே இல்லாத அம்மாவைப் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். போனவர்மேல் இன்னும் கோபம் இருந்தால் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுதும்போது ‘இருக்கிறார்’ என்பதா ‘இருந்தார்’ என்பதா என்று கை நடுங்கும். தமிழில் ஒரு சௌகரியம் உண்டு. ‘அம்மா வாசலில் நிற்பார்’ என்றால் வழக்கமாக நின்றதையும் சொல்லும், நாளைக்கு நிற்கப்போவதையும் சொல்லும். ‘செய்வார், சொல்வார், சிரிப்பார்’ என்றே முதல் வரைவு முழுவதையும் எழுதுங்கள். ‘இருந்தார்’ தானாக வரும் நாளில் வரட்டும். சபையில் வாசிப்பதற்கு என்றால் நான்கு நிமிடத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரு சம்பவம் போதும். வீட்டுக்கு என்றால் அளவே வேண்டாம். நான் எழுதியது இன்னும் முடியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். மாதங்கள் போயும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், வேலைக்குப் போகவோ யாரோடும் பழகவோ முடியாமல், உயிரோடு இருப்பதே அர்த்தமில்லை என்று தோன்றினால் அதற்கு மருத்துவ உதவி உண்டு. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ள 11ஆவது பதிப்பு, ஆறு மாதத்துக்கு மேலும் இப்படி நீடித்து வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஏழு வாரத்தில் நீங்கள் அழுவது அந்தக் கணக்கில் வராது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஆறு மாதம், ஏழு வாரம் என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

குரல் மறக்குமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் மங்கும். பதிவைக் கேட்டால் திரும்ப வரும். பதிவு இல்லாமலும் சில சமயம் வரும். என் அக்கா போனை எடுத்து “சொல்லு” என்று சொல்லும் அந்த ஒரு சொல்லில் எனக்கு இன்றும் தூக்கிவாரிப் போடும். அவளுக்கு இது தெரியாது, நான் சொன்னதும் இல்லை.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை விடவே இல்லை. அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன அந்த அம்மாள். முன்பின் தெரியாத வீட்டில் வந்து அப்படி உட்கார்ந்திருக்க, அவருக்கும் உங்கள் அம்மாவுக்கும் நடுவே ஏதோ இருந்திருக்க வேண்டும். அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டிருப்பீர்கள் அல்லவா, திறக்க முடிந்தால் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். முடியாவிட்டால் அன்று வந்திருந்தவர்களிடம் விசாரியுங்கள், யாராவது அவரை வாசல்வரை கொண்டுவிட்டிருப்பார்கள். கண்டுபிடித்ததும் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். “அம்மா உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.